லோடு சேரட்டும்

ஒரு கை அடிமட்டத்தை அழுத்திப் பிடித்திருக்கிறது. மற்றது சிவப்பு மையில் கோடு இழுக்கிறது. கோடு நேராக விழுந்ததும் வாய் அதை ஊதி உலர்த்த, கைகள் அடுத்த கட்டத்துக்கு நகர்கின்றன. இந்தக் கைகளை நீங்கள் எங்கோ பார்த்திருப்பீர்கள். சீரமைப்பாளர் என்ற மனித இனத்துக்கு உரியவை இவை. எந்தக் காரியமும் நடப்பதற்கு முன்னால் அதைத் திருத்தி அமைத்துவிட வேண்டும் என்பது இந்த இனத்தின் பிறவிக் குணம்.

எங்கள் போடியில் கிடைக்கும் மாதிரிக்குப் பெயர் பெத்துராஜ். ஏலக்காய் வியாபாரி, புற்றுநோய் உதவிச் சங்கத்தின் காரியதரிசி. மூட்டைக்கு ஒரு கைப்பிடி ஏலம் மகமை வாங்கி, ஏழை நோயாளிகளைச் சென்னைக்கு ரேடியம் சிகிச்சைக்கு அனுப்புவதற்காக வியாபாரிகள் தொடங்கிய சங்கம் அது. இரண்டு வருஷமாக மகமை ஒழுங்காக வருகிறது. ரயில் ஏறிய நோயாளி? ஒருவருமில்லை. ஏன் ஏற வேண்டும்? தேசம் முழுவதற்கும் எத்தனை கட்டில், எவ்வளவு ரேடியம், டில்லி எத்தனை பங்கு கொடுப்பது, மாகாணம் எத்தனை பங்கு கொடுப்பது, கொடுத்ததை யார் பங்கிடுவது, பங்கிட்டவரை யார் மேற்பார்ப்பது என்பதெல்லாம் முடிவாவதற்குள் ஒருத்தி தன்பாட்டுக்கு ரயில் ஏறிவிட்டால் தேசம் என்ன ஆவது?

ஆகவே பெத்துராஜ் பாரதத்தை நான்கு மண்டலமாக வெட்டினார். அதில் தம் தொழிலறிவையும் புகுத்தினார். ஏலக்காயைச் சலித்து ரகம் பிரிப்பதுபோல நோயாளிகளை மூன்று ரகமாகப் பிரித்தார். ஒற்றை மூட்டைக்காக யாராவது மதுரைக்கு லாரி விடுவார்களா? நோயாளிக்கும் அதே விதி. பன்னிரண்டு பேர் சேர வேண்டும்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் களை வெட்டும் சோலையம்மாளுக்குக் கன்னத்துக்குள் புண். இந்த மாதத்துக்குள் சென்னைக்குப் போனால் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயில் செலவுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் சங்கத்தின் சீட்டு வேண்டும். அண்ணன் காசிராஜன் மலையிறங்கி வந்தான்.

"மொதலாளி, சீட்ட வெரசா எழுதிக் குடுங்க. தங்கச்சிக்குக் கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது."

"எழுதுறேன்ப்பா. அஞ்சு பேருதான சேந்திருக்கு? லோடு சேரட்டும்."

"அவ என்ன ஏலக்காயா மொதலாளி, மூட்டை கட்டி வச்சு வெல ஏறட்டும்னு பாக்குறதுக்கு?"

"கோவப்படாத அப்பு. ஒருத்திய அனுப்புனா அது தர்மம். ஊரையே அனுப்புனா அதுதான் திட்டம்!"

இந்தப் பதில் அவருக்கே பிடித்துப்போனதால், காசிராஜனை நிற்க வைத்துவிட்டு அதைத் தம் திட்டப் புத்தகத்தின் முகவுரையில் எழுதிக்கொண்டார்.

மறு வாரம் அவன் வந்தபோது திட்டம் மதுரைக்கு அச்சுக்குப் போயிருந்தது. அதற்கடுத்த வாரம், 'மண்டலம்' என்பதை 'வட்டாரம்' என்று மாற்றலாமா என்று அவசரக் கூட்டம். இதற்குள் ஐந்து பேர் மூன்றாகிவிட்டார்கள்.

"பாத்தியா, லோடு கொறையுது" என்று பெத்துராஜ் நொந்துகொண்டார். அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்கவில்லை. அதற்கு அவர் கட்டம் போட்டிருக்கவில்லை.

டாக்டர் சொன்ன அந்த மாதத்தின் கடைசி நாள் திட்டம் அச்சாகி வந்து சேர்ந்தது. அறுபத்து நான்கு பக்கம், பச்சை அட்டை. வெளியீட்டுக் கூட்டத்துக்குச் சோலையம்மாளே ஜீப்பில் மலையிறங்கி வந்து, முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள். முதல் பிரதியை ஒரு நோயாளி கையில் கொடுப்பதுதானே பொருத்தம்? கொடுத்தார். கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, அண்ணனிடம் திரும்பினாள்.

"இதக் காட்டுனா ரயில்ல ஏத்திருவாகளா அண்ணே?"

காசிராஜன் பெத்துராஜைப் பார்த்தான். பெத்துராஜோ அடுத்த பிரதியைக் கையில் எடுத்துவிட்டார். அது சங்க உறுப்பினரான உங்களுக்கு. நீட்டுகிறார், வாங்கிக்கொள்ளுங்கள். சோலையம்மாள் உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறாள். நீங்கள் முதலில் அவளைப் பார்க்கிறீர்களா, அதன் கடைசிப் பக்கத்து உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயர் எத்தனையாவதாக இருக்கிறது என்று பார்க்கிறீர்களா?