அழுவாச்சி ரைட்டர் அழாத நாள்

ஐம்பதை நெருங்கும் ஆணுக்கு வரக்கூடாத வியாதிகளில் முதலாவது, நாடகம் இயக்கும் ஆசை. எனக்கு அது வந்தது. சர்க்கரைகூட அதற்கு அப்புறம்தான். கருத்தரங்குகளில் ‘நவீன அரங்கு’ பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கிய ஒருவன் ஏற்காட்டில் குடியேற வந்தால், மலையடிவாரத்திலேயே சோதனை போட்டுத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. பலனைப் பக்கத்துக் கிராமமான கிளியூர் அனுபவித்தது. கிளியூரைவிட அதிகமாக அழுவாச்சி ரைட்டர் அனுபவித்தார்.

சேர்வராயன் மலையில் அவரைப் போல அழக்கூடியவர் முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வு பெற்றதால் ரைட்டர். முன்பாதிக்குக் காரணம் வேண்டியதில்லை. சேலம் பஸ்ஸைத் தவறவிட்டால் அழுவார். அடுத்த பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தால் நன்றியில் அழுவார். சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால், இறந்தவரின் பிள்ளைகள் எழுந்து வந்து இவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்டவரை ஊர் வீணாக்கவில்லை. பங்குனியில் காப்பிச் செடி மொட்டு கட்டி மழைக்குக் காத்து நிற்கும். அந்தப் பூமழை வந்தால்தான் பூ. பூத்தால்தான் அந்த வருஷத்துக் காப்பி. அப்போது கிளியூரில் ஒரு பழைய சோக நாடகம் போடுவார்கள். ஆள் தெரியாமல் பெற்ற மகனுக்கே மரண தண்டனை விதித்துவிட்ட ராஜா, கடைசியில் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுவார். ராஜா அழ, ஊரே அழ, அதைக் கேட்டு வானம் அழும் என்பது ஏற்பாடு. ராஜா, நம் ரைட்டர்.

இந்த நாடகத்தைத்தான் போன பங்குனியில் இன்றைய ரசிகருக்காகப் புதுப்பித்துத் தருகிறேன் என்று நான் போய் நின்றேன். கிரீடம் போய் கோட்டு வந்தது. சாவுச் செய்தி செல்போனில் வந்தது. அழுகையை வெட்டினேன்.

ரைட்டர் பதறிப்போனார். “ஏனுங்க, அழுவாம எப்படீங்க? செத்தது பையனுங்க!”

“மௌனம்தாங்க இன்னைக்கு சோகம். செல்போனைப் பார்க்கிறீங்க. நிக்கிறீங்க. விளக்கு அணையுது.”

“மழைக்கு என்னங்க பண்றது?”

சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் தலையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. “ஒரு சொட்டுக் கண்ணீர் வரக்கூடாது. வாக்குக் குடுங்க” என்றேன். கொடுத்தார், அழுதுகொண்டே.

நாடகத்தன்று பெண்கள் முந்தானையைக் கையில் சுற்றித் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ரைட்டர் செல்போனைப் பார்த்தார். நின்றார். மோவாய் நடுங்கியது; கழுத்து நரம்பு புடைத்தது; கண்ணீர் வரவில்லை.

“வசனம் மறந்துருச்சாட்ட இருக்குது, யாராச்சும் எடுத்துக் குடுங்க!” என்றது ஒரு குரல்.

“சார்ஜு போயிருச்சோ என்னமோ.”

விளக்கு அணைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அழுவாம எப்படீங்க ஊட்டுக்குப் போறது?”

மழை வரவில்லை. மொட்டு கருகத் தொடங்கியது. என்னை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. “பரவாயில்லீங்க” என்று மரியாதையாக விலகிப் போனார்கள். வசவெல்லாம் ரைட்டருக்கு. “போயி இப்பவாச்சும் அழுவய்யா” என்று விரட்டினார்கள். அங்கேதான் வினை. அவருக்கு அழுகை வரவில்லை. வெங்காயம் உரித்துப் பார்த்தார்களாம். பஸ்ஸைக்கூட வேண்டுமென்றே தவறவிட்டுப் பார்த்தாராம்.

கேள்விப்பட்டு ஓடினேன். தன் தோட்டத்தில், கருகும் மொட்டுகளுக்கு நடுவே கோட்டுடன் உட்கார்ந்திருந்தார்.

“வாக்கு என்கிட்டத்தானே குடுத்தீங்க, நான் திருப்பிக் குடுத்துட்டேன். அழுங்க.”

“மனசுக்குத் தெரியுதுங்க. கண்ணு நம்ப மாட்டேங்குது.” என்னைச் சமாதானப்படுத்துவது போல மேலும் சொன்னார்: “நாடகம் நொம்ப நல்லா இருந்ததுங்க. எங்குளுக்குத்தான் புரியல.”

அந்தப் பொய்யை என்னால் தாங்க முடியவில்லை. அழத் தொடங்கினேன். பழக்கமில்லாத வேலை. முதலில் இருமல் போலவும், அப்புறம் விக்கல் போலவும் ஏதோ வந்தது. எந்த இடத்தில் மூச்சு விடுவது என்று தெரியவில்லை.

ரைட்டர் திகைத்துப் பார்த்தார். “அட சாமி... உங்குளுக்கு அழுவவே தெரியலீங்களே!” உதடு கோணியது. “இத்தன படிச்சும் யாரும் சொல்லிக் குடுக்கலீங்களா?”

அந்தப் பரிதாபத்தில் அவருக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. மகனை இழந்த ராஜாவின் அழுகை முழுவதையும், நான் வெட்டியது ஒன்று விடாமல், என் தோளைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். என் சட்டை நனைந்தது. அது வரைக்கும் எந்த அரங்கிலும் எனக்கு அவ்வளவு நல்ல இடம் கிடைத்ததில்லை.

சாயங்காலம் நாலு தூறல் விழுந்து நின்றது. பொழுது சாய்ந்ததும் ஓடு பெயரக் கொட்டியது. அடுத்த வாரம் மலை முழுக்க வெள்ளையாய்ப் பூத்து மணத்தது.

மழைக்கும் அழுகைக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மழை பெய்த மறுநாள் காலையில் பஜார் டீக்கடை பாயிடம், “நானும் அழுதேன் பாய்” என்று சற்று நெஞ்சை நிமிர்த்தியே சொன்னேன்.

பாய் டீயை ஆற்றிக்கொண்டே தலையாட்டினார்.

“தெரியுமுங்க. சாயங்காலம் லேசாத் தூறிட்டு நின்னு போச்சில்லீங்க, அது உங்களுது.”