மஸ்கட்டும் கறுப்புக் கண்ணாடியும்

இந்த வருஷத் தேர் வீடியோவில் ஓர் உதறல்கூட இருக்கக்கூடாது என்று சபதம் எடுத்தேன். மாரியம்மன் சந்நிதியில், கற்பூரம் அணைவதற்குள், கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்த சபதம். பக்கத்தில் நின்ற என் மனைவி நிரஞ்சலா, எனக்கு நெஞ்சு வலிக்கிறதோ என்று பயந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

காரணம் இருக்கிறது. லுணுகலைப் பக்கம் கல்யாணமோ திருவிழாவோ, ட்ரோன் பறக்கவிடுவது நான்தான். போன வருஷம் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேர் பவனியை எடுத்தேன். தேர் விக்கி விக்கி வந்தது. காவடிக்காரர்கள் வெட்டி வெட்டி ஆடினார்கள். “அம்மனுக்கே குளிர்காய்ச்சல் போல இருக்கே” என்று கோயில் கமிட்டி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது.

இது ஊருக்குச் சொல்லும் காரணம். உங்களுக்கு மட்டும் இன்னொன்றையும் சொல்கிறேன்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கிளினிக்கில் அதைச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் தேத்தண்ணி சீனியில்லாத வெறும் சாயம், சாப்பாடு குரக்கன் களி. நிரஞ்சலாவுக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். மண் தின்ற பிள்ளையை “வாயத் திற” என்று ஒரே அதட்டலில் பிடித்துவிடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதே அதட்டல் எனக்கு. மரியாதைக்கு ஒரு ‘ங்க’ சேர்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஆகவே ட்ரோன் பறக்கும் நாள்தான் என் சுதந்திர தினம். அது மேலே. நான் கீழே, வாஹித் நானாவின் இனிப்புக் கடை வாசலில். கையில் நெய் மினுங்கும் மஸ்கட் அல்வா.

மேலே பறப்பது கீழே நிற்பவனையும் படம் பிடிக்கும் என்பதைப் போன வருஷம் மறந்துவிட்டேன். எடிட்டிங் செய்வது நிரஞ்சலா. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் ஓரிடத்தில் வீடியோவை நிறுத்தினாள். அந்தப் பாழாய்ப்போன வீடியோ ஓடினால்தான் வெட்டும். நிறுத்தினால் செதுக்கி வைத்த மாதிரி அவ்வளவு தெளிவு. என் வாயில் இருந்த மஸ்கட்டில் பதித்த கஜுப் பருப்புகூடத் தெரிந்தது.

“இது என்னங்க?”

“நெழலு.”

“நெழலுக்கு எதுக்குங்க கஜு?”

அவள் கண் கலங்கிவிட்டது.

“கால் போயிரும்னு டொக்டர் சொன்னாரா இல்லியா? கால் போனப்புறம் ட்ரோன் மட்டும் பறந்து என்ன பண்றது? இன்னொரு வாட்டி இப்படி மாட்டுனீங்க, ட்ரோன நான் எடுத்துக்குவேன். நான் பறக்க விடுறேன். நீங்க வீட்டுல இருந்து குரக்கன் கிண்டுங்க.”

“அதெல்லாம் உனக்கு வராது.”

“ஒரு காம்பராப் பிள்ளைகள மேய்க்கிறேன். ஒரு தும்பிய மேய்க்க வராதா?”

சொன்னால் செய்துவிடுவாள். ட்ரோன் போனால் என் சுதந்திரம் போச்சு. எனவே படித்தேன். யூடியூப்பை உருட்டி உருட்டி, கண்ணில் நீர் வர வர படித்தேன். கடைசியில் தேரின் விக்கல், என் தெளிவு, இரண்டு வியாதிக்கும் ஒரே மருந்து கிடைத்தது. பதுளையில் போய் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். நகத்தளவு கறுப்புக் கண்ணாடிகள்.

“இது என்னத்துக்கு?”

“ட்ரோனுக்குக் கூலிங் கிளாஸ்.”

“எனக்கு ஒண்ணு கேட்டு எத்தன வருஷமாச்சு!”

“இது ஃபில்டர், நிரஞ்சலா. வெயில் கூடினா ட்ரோன் கண்ண டக்கு டக்குன்னு வேகமா மூடும். ஷட்டர் வேகம்னு அதுக்குப் பேரு. அதனாலதான் தேர் விக்குது. இத மாட்டுனா வெளிச்சம் கொறையும். ஷட்டர மெல்ல மூட வைக்கலாம். ஒரு செக்கன்ல அம்பதுல ஒரு பங்கு. அப்ப அசையிறது எல்லாம் லேசாக் கரைஞ்சு, வீடியோ வழுக்கிக்கிட்டு வரும்.”

“அசையிறதெல்லாம் கரையுமா?”

“கரையும்.”

“அசையாதது?”

“அது பாட்டுக்குக் கிடக்கும். நமக்கு எதுக்கு அது?”

“ட்ரோன் வேகமாப் போனா?”

“எல்லாமே கலங்கிரும். மெதுவாப் போகணும். அதுதான் கலை.”

“அப்ப மெதுவாவே போங்க” என்றாள், ரொம்ப அக்கறையாக. இந்த மாதிரி ஒரு மாணவி எந்த வாத்தியாருக்கும் கிடைத்திருக்க மாட்டாள்.

பெரட்டுக்களத்தில் பயிற்சி தொடங்கினேன். காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிடும் மைதானம். பத்து மணிக்கு மேல் காலியாகக் கிடக்கும். முதல் நாள் மூடுபனியில் ஆகக் கறுத்த கண்ணாடியை மாட்டினேன். பகலிலேயே சிவராத்திரி வந்துவிட்டது. இரண்டாம் நாள் கண்ணாடியை மாட்ட மறந்தேன். தோட்டமே வெள்ளைக் கடதாசி. மழை பெய்தது, அட்டை கடித்தது, ட்ரோன் சவுக்கு மரத்தில் மாட்டியது. நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிரஞ்சலாவை நடுக்களத்தில் நிறுத்தி, “கைய ஆட்டு” என்றேன். ஆட்டினாள். வீட்டுக்கு வந்து வீடியோவை நிறுத்திப் பார்த்தோம். அவள் முகம் இருந்தது. கை இல்லை. கை இருந்த இடத்தில் ஒரு புகை.

அந்தப் புகையைப் பார்த்ததும் என் வாயில் எச்சில் ஊறியது. கையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டால் யார் கண்டுபிடிப்பது?

அன்றிலிருந்து ரகசியப் பயிற்சி வேறு. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கையையும் தலையையும் ஆட்டியபடி வெறும் வாயை மென்றேன்.

திருவிழா வந்தது. பொலிஸ் அனுமதி கையில். வெயில் தகதகவென்று எரித்தது. சரியான கண்ணாடியை மாட்டினேன். தேர் தோட்டத்திலிருந்து இறங்கி லுணுகலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தது. நிரஞ்சலா பால்குடத்தோடு தேருக்கு முன்னால் போய்விட்டாள். ட்ரோனைக் கடைத்தெருவின் ஓரமாக, தேரோடு சேர்ந்து தானே மெல்ல நகரும்படி அமைத்தேன். இரண்டு கையும் ஓய்ந்தது. திரும்பினேன்.

“தம்பி, இப்பதான் எறக்கின மஸ்கட்” என்றார் வாஹித் நானா.

“நானா, பெரிய துண்டா குடுங்க.”

வாங்கினேன். திட்டப்படி கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன்.

“என்ன தம்பி, கை இப்படி நடுங்குது? காய்ச்சலா?”

“இல்ல நானா. டெக்னிக்.”

வாயில் போட்டேன். நெய் நாக்கில் பரவியது. ஏலக்காய் மூக்குக்கு ஏறியது. எத்தனை மாதத்துக் குரக்கன் ஐயா! அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தேர் கடைத்தெருவைத் தாண்டிப் போய், பெட்டரி குறைந்து தானே திரும்பிவந்த ட்ரோன் தலைக்கு மேலே கத்தியபோதுதான் சுயநினைவு வந்தது.

சாயங்காலம் இருவரும் கணினி முன் உட்கார்ந்தோம். வீடியோ ஓடியது. எனக்கே மயிர் கூச்செறிந்தது. தேர் வரவில்லை, மிதந்தது. காவடிகள் பூப்போல் சுழன்றன. ஓர் உதறல் இல்லை.

“ரொம்ப அழகா இருக்குங்க” என்றாள் நிரஞ்சலா. உண்மையாகவே சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்தது அன்றுதான். கமிட்டிக்காரர்களின் முகத்தை நினைத்து நான் மீசையைத் தடவினேன்.

கடைத்தெரு வந்தது. அவள் விரல் நீண்டு வீடியோவை நிறுத்தியது.

காவடிக்காரர்கள் கரைந்திருந்தார்கள். மேளக்காரரின் கை கரைந்திருந்தது. ஓடிய பிள்ளைகள், விசிறிய சேலைகள், எல்லாம் கலர் புகை. அந்தப் புகைக்கு நடுவில் ஒரே ஓர் ஆள் மட்டும் தெளிவாக நின்றான். கண் மூடியிருந்தது. கன்னம் உப்பியிருந்தது. கையில் பாதி மஸ்கட்.

“ஊரே அசைஞ்சிருக்கு” என்றாள் அவள். “சாமியே அசைஞ்சிருக்கு. நீங்க மட்டும் ஏங்க அசையல?”

“அது… பக்தி.”

வீடியோவை ஓடவிட்டாள். ட்ரோன் நான் சொல்லிக் கொடுத்தபடியே மெதுவாக, மிக மெதுவாக, கலைநயத்தோடு என்னைக் கடந்து போனது. முடிகிற வரைக்கும் நான் அசையவே இல்லை.

“வாயத் திறங்க” என்றாள்.

திறந்தேன். பல்லிடுக்கில் கஜு இருந்தது.

அவள் கத்தவில்லை. கையை மட்டும் நீட்டினாள். ட்ரோனின் ரிமோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஃபில்டர் டப்பாவையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது தினமும் காலையில் தேயிலை மலை ரோட்டில் எனக்கு நடைப்பயிற்சி. கிளினிக்கில் அப்போதே சொன்னதுதான். நான்தான் ட்ரோன் வேலையைச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். இன்று வாஹித் நானாவின் கடை தெரியும் வளைவில் என் கால் தானாகவே நின்றது. தலைக்கு மேலே கூடவே வந்த ட்ரோனும் அப்படியே நின்றது. காதில் மாட்டிய போனில் நிரஞ்சலாவின் குரல் கேட்டது.

“என்னங்க, ரொம்பத் தெளிவாத் தெரியிறீங்க. கரையிற வரைக்கும் நடங்க.”