இது இல்லை, அது இல்லை, பேரில்லை

ஷார்ஹத் அனல்மின் நிலையம்,
இரண்டாம் ஷிப்டு அறை.
குளிர்காலத்தை ஒன்பது ஒன்பது நாளாக எண்ணுவதில் மூன்றாவது ஒன்பதின் நான்காம் நாள் (எருதின் கொம்பு உறைகிற கணக்கு, இந்த வருடம் கணக்கு தப்பவில்லை).

என் அக்காளின் கைப்பிடித்த தோர்லிக் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் நம்ஸ்ரை இரண்டு கையையும் நீட்டி எழுதிக்கொள்வது. குளிர்காலம் சுகமாகக் கழிகிறதா? மந்தை கொழுத்திருக்கிறதா? தலைநகரில் ஆறாவது மாடியில் உங்களுக்கு மந்தை ஏது, பூனை ஒன்றுதான் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் மந்தையை விசாரிக்காமல் ஆரம்பித்தால் என் பேனா நகராது. பூனை கொழுத்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம், அதாவது இன்று மதியம் இரண்டு மணி வரை நலம்.

பேரன் பிறந்ததற்கு மிகவும் சந்தோஷம். பெயருக்கு என்னிடமும் யோசனை கேட்டிருந்தீர்கள். நல்ல கம்பீரமான பெயராக வையுங்கள். எனக்கு எங்கப்பா குபேர தெய்வத்தின் பெயரை வைத்தார். கையில் காசு தங்கவில்லை, அது வேறு விஷயம், பேரைச் சொன்னால் நாலு பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். எங்கள் ஷிப்டு ஆட்களுக்கு வாய்த்த மாதிரிப் பேர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது.

பஸ் டிரைவரிடம் பாதி ஆடு கொடுத்தனுப்பியிருக்கிறேன், பால்கனியில் தொங்கவிடுங்கள். இது லஞ்சம் இல்லை. ஆனால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். அமைச்சகத்தில் எந்தக் கோப்பும் உங்கள் மேஜையைத் தாண்டித்தானே மாடி ஏறுகிறது? எங்கள் நிலையத்தைப் பற்றிய அறிக்கை ஒன்று அங்கே வந்திருக்கும், நீல அட்டை. வெள்ளிக்கிழமை அது கையெழுத்துக்குப் போகிறதாம். அதற்குள் எப்படியாவது அதை நிறுத்துங்கள், அத்தான். நிறுத்தாவிட்டால் ஷிப்டுத் தலைவனான என்னையும் சேர்த்து எங்கள் நாலு பேருக்கும் வேலை போகும், எங்கள் இடத்துக்குத் தலைநகரிலிருந்து ஒப்பந்த ஆட்கள் வருவார்கள், அவர்கள் வந்த மூன்றாம் நாள் இந்த ஊர் உறைந்துபோகும். நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது.

இங்கே இருப்பது மூன்று பாய்லர். ஒன்றாம் நம்பர் செத்து ஆறு வருடம் ஆகிறது. மூன்றாம் நம்பரைக் கழற்றிக் கழற்றி இரண்டாம் நம்பருக்குப் போட்டோம், இப்போது அதில் கழற்ற மிச்சம் இல்லை. ஆக ஒன்பதாயிரம் பேர் ஒரே பாய்லரின் சூட்டில் குந்தியிருக்கிறோம். வெளியே மைனஸ் முப்பத்தொன்பது. அது நின்றால் நாலு மணி நேரத்தில் வீட்டுக் குழாய்கள் வெடிக்க ஆரம்பிக்கும், முதலில் ஆஸ்பத்திரி, ஏனென்றால் அது வரிசையில் கடைசி. பாய்லரில் தண்ணீர் மட்டத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கருவி கெட்டு நாலு வருடம். அதன் வேலையை எங்கள் ஷிப்டு எனெபிஷ் பார்க்கிறான். கண்ணாடிக் குழாயில் ஒரு கண், வால்வில் ஒரு கை, இப்படியே எட்டு மணி நேரம். மட்டம் கண்ணாடிக்குக் கீழே இறங்கிவிட்டால் பிறகு தண்ணீர் விடவும் கூடாது, விட்டால் பாய்லர் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். விடாவிட்டால் கருகும். அந்த வால்வின் மனசு தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

நிலைமை இப்படியிருக்க, நவம்பரில் மின்துறையைத் திருத்தி எழுப்ப ஒரு வெளிநாட்டு நிபுணர் வந்தார். ஹால்வர் என்று பெயர், பனை உயரம், நல்ல மனுஷன், பொய் சொல்லக் கூடாது. எட்டு மாதமாக நம் மொழியைப் புத்தகத்தில் படித்திருக்கிறார், மொழிபெயர்க்க வந்த பெண்ணை மூன்றாம் நாளே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார், இனி நானே பேசிக்கொள்வேன் என்று. பேசவும் செய்கிறார், ராஜா காலத்து ஓலையைப் பிரித்துப் படிக்கிற மாதிரி. அவர் இரண்டு விதி கொண்டுவந்தார். ஒன்று, யார் சொன்னது, யார் செய்தது என்று எல்லாவற்றையும் பெயரோடு எழுத வேண்டும். இரண்டு, ஸ்விட்ச் போர்டில் இருக்கிற ரஷ்ய எழுத்தெல்லாம் போய்ப் புது எண் ஒட்ட வேண்டும், கட்டளைகளும் தாய்மொழியில் மட்டும்தான். நாங்கள் கை தட்டினோம், அத்தான். முப்பது வருடமாக அந்நிய பாஷையில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டவர்கள் நாங்கள், வேறென்ன செய்வோம்? அந்த அந்நிய பாஷைதான் இத்தனை வருடம் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது யாருக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் இதை அங்கே வெளிநாட்டு ஆலோசகர்களுக்கு நீங்கள் படித்துக்காட்ட வேண்டிவரலாம், அதனால் பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன். பிறந்த பிள்ளை தங்காத வீட்டில் பேய் பிசாசை ஏமாற்ற நாம் ஒரு மாதிரிப் பேர் வைப்போம். எங்கள் எனெபிஷின் அம்மா மூன்று பிள்ளையைப் பறிகொடுத்தவள். நாலாவதாகப் பிறந்தவனுக்கு எனெபிஷ், அதாவது 'இது இல்லை', என்று வைத்தாள். பேய் வந்து பார்த்தால், ஓ, இது இல்லையா என்று திரும்பிப் போய்விடும். அடுத்தவனுக்குத் தெர்பிஷ், 'அது இல்லை'. இரண்டும் பிழைத்துக்கொண்டன, ஆளுக்கு நூறு கிலோ. பெரியவன் பாய்லரில், சின்னவன் ஸ்விட்ச் போர்டில். எங்களுக்கு உப்புத் தேநீர் போடுகிற அக்காவின் பெயர் நெர்குய், 'பேரில்லை'. பேய்களோடு எந்தத் தகராறும் இல்லை. நிபுணர் வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

போன செவ்வாய் காலை பதினொரு மணிக்குத் தலைநகர் லைன் ட்ரிப் ஆனது, அதாவது அங்கிருந்து மின்சாரம் வருவது நின்றது. விளக்கெல்லாம் ஒரு தரம் மங்கி முழித்தது, டர்பைன் பெருமூச்சு விட்டது. லைன் போனால் எங்கள் ஒற்றை டர்பைனால் ஊர் முழுவதையும் சுமக்க முடியாது. ஒரு நிமிஷத்துக்குள் மாவு மில்லையும் மரப்பட்டறையையும் மின்சாரத்திலிருந்து கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் டர்பைன் படுக்கும், அதோடு பாய்லருக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்பும் படுக்கும். நிபுணர் பின்னால் நோட்டும் கடிகாரமுமாக நிற்கிறார். தெர்பிஷ் போர்டுக்கு ஓடினான். போன வாரம்தான் புது எண் ஒட்டியது, பாவம், மில்லின் ஸ்விட்ச் என்று நினைத்து நேராகப் பம்ப் ஸ்விட்சில் கை வைத்துவிட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. பழைய நாளாக இருந்தால் ரஷ்ய பாஷையில் ஒரு வார்த்தை, விஷயம் முடிந்தது. விதிப்படி தாய்மொழியில், தொண்டை கிழியக் கத்தினேன்: "எனெ பிஷ்!"

இது இல்லை என்று சொன்னேன், அத்தான். மேல்தட்டில் வால்வைப் பிடித்துக்கொண்டிருந்த எனெபிஷ், தலைவர் இந்தக் குரலில் கூப்பிட்டால் யாரோ செத்துவிட்டார்கள் என்று வால்வை விட்டுவிட்டு இரும்புப் படியில் தடதடவென்று இறங்கி வந்துவிட்டான். "என்னண்ணே?" என்கிறான். அவனைப் பார்ப்பேனா, ஸ்விட்சைப் பார்ப்பேனா? அதற்குள் தெர்பிஷ் பக்கத்து ஸ்விட்சுக்குக் கையை மாற்றிவிட்டான், அது ஆஸ்பத்திரி. நான் கையை நீட்டி, "தெர் பிஷ்!" அது இல்லை. உடனே அவன் என் பக்கம் திரும்பி, பயபக்தியோடு, "சொல்லுங்கண்ணே."

ஆக நூறு நூறு கிலோவாக இரண்டு பேர் என் முன்னால் கைகட்டி நிற்கிறார்கள், பாய்லரில் ஆள் இல்லை, டர்பைன் முனகுகிறது. நான் மேலே பார்த்தேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்குவது கீழேயிருந்தே தெரிகிறது. நாலு விரல், மூன்று விரல். பேரைச் சொன்னால் கட்டளையாகிறது, கட்டளையைச் சொன்னால் பேராகிறது, வாயைத் திறக்கவே பயமாகிவிட்டது. இந்த ஊரில் நான் பிறந்து வளர்ந்து ஐம்பத்தெட்டு வருடம், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு நிமிஷத்தில் ஊர் முழுக்க என் கண்முன்னால் உறைந்து கிடந்ததைப் பார்த்தேன். கடைசியில் தெர்பிஷைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு நானே மில்லையும் பட்டறையையும் கழற்றினேன். டர்பைன் மூச்சு வாங்கி நின்றது. பம்ப் ஓடுகிறது, ஆனால் வால்வு மூடிக் கிடக்கிறதே என்று திரும்பிப் பார்த்தால், மேலே நெர்குய் அக்கா. தேநீர்க் கேனைத் தரையில் வைத்துவிட்டு, பாவாடை நுனியால் வால்வைப் பிடித்துக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்துகொண்டிருக்கிறாள், எனெபிஷ் திறக்கிற அதே கணக்கு. நாலு வருடமாகத் தேநீர் ஊற்றிக்கொண்டே பார்த்திருக்கிறாள். இரண்டு விரல் மட்டத்தில் தண்ணீர் நின்றது, பிறகு ஏறியது. அவள் இறங்கி வந்து, "ஆறிப்போச்சு, குடிங்க," என்று ஊற்றினாள். கிண்ணத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன், அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நிபுணர் விசாரணையை ஆரம்பித்தார். "கொதிகலனை விட்டகன்றவர் எவர்?" என்றார். எனெபிஷ் என்றோம். எழுதிக்கொண்டார். "பிழையான விசைமீது கரம் வைத்தவர் எவர்?" தெர்பிஷ் என்றோம். முகம் கொஞ்சம் மாறியது. "நீர்வழியைத் திறந்தவரின் பெயர் யாது?" நெர்குய் என்றோம். பெருமூச்சு விட்டார். எல்லாரும் உண்மையைத்தான் சொன்னோம். மறுநாள் அறிக்கையை நம் மொழியிலேயே எங்களுக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது நம்ஸ்ரை, எனெபிஷ், தெர்பிஷ், நெர்குய் என்று வரிசையாகக் காதில் விழுந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டி நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவரும் கை குலுக்கிவிட்டுப் போனார், கண்ணில் ஒரு வருத்தத்தோடு.

இன்று மதியம் இரண்டு மணிக்கு, அவர் பாஷையில் இருந்த நகலைப் பள்ளிக்கூட ஆங்கில டீச்சர் படித்துச் சொன்னாள். கொதிகலனை விட்டுப் போனவர்: இந்த ஆள் இல்லை. தவறான ஸ்விட்சில் கை வைத்தவர்: அந்த ஆள் இல்லை. வால்வைத் திறந்தவர்: பெயர் சொல்ல மறுக்கிறார்கள். முடிவுரை: இந்நிலையத்தில் எதற்கும் எவரும் பொறுப்பேற்பதில்லை, ஒருவரையொருவர் மறைக்கிறார்கள், ஆகவே தலைவர் உட்பட நால்வரையும் நீக்கி ஒப்பந்த ஆட்களை அமர்த்துக. கீழே எங்கள் கையெழுத்து. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அந்தப் பொருளில் நாங்கள் யாரும் அந்தப் பேர்களைக் கேட்டதே இல்லை, அத்தான். எனெபிஷ் என்றால் எனெபிஷ். அவனைக் கூப்பிடும்போது யாராவது அர்த்தத்தையா நினைக்கிறோம்?

எனெபிஷிடம் இதைச் சொன்னபோது அவன் வால்விலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்ணே, புதுசா வர்றவனுக்கு இதைச் சொல்லிக்குடுக்க நாலு வருஷம் ஆகுமே," என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு குளிர்காலம் பாக்கி, அதை விடுங்கள். அந்த வால்வில் வேறு ஒருத்தன் கை வைப்பதை நினைத்தால்தான் குலை நடுங்குகிறது. அதனால் அத்தான், நீல அட்டையை எடுத்துக்கொண்டு மாடி ஏறுங்கள், இவையெல்லாம் பெயர்கள், மனுஷப் பெயர்கள், பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது என்று அடித்துச் சொல்லுங்கள். மதியமே அக்காவிடம் போனில் பாதி சொல்லிவிட்டேன், மீதியைச் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், நீங்கள் போகிற வழியெல்லாம் வெள்ளையாக, தடங்கலில்லாமல் இருக்கட்டும், பேரன் குதிரை ஏறி எங்களைப் பார்க்க வரட்டும், பூனைக்கு என் ஆசி.

இப்படிக்கு,
அன்பு மைத்துனன் நம்ஸ்ரை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் அமைச்சகத்திலிருந்து தந்தி வந்துவிட்டது. அறிக்கை நேற்றே கையெழுத்தாகிவிட்டதாம். நிபுணர் எழுதியதை உங்கள் ஆட்கள் திரும்ப நம் மொழிக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன்: "வரிசை எண் ஒன்று, நம்ஸ்ரை: பணிநீக்கம். எண் இரண்டு: இந்நபர் அல்லர். எண் மூன்று: அந்நபர் அல்லர். எண் நான்கு: பெயர் இல்லை. ஆகவே நம்ஸ்ரை தவிர எவர்மீதும் நடவடிக்கைக்கு இடமில்லை. மற்ற ஊழியர் பணியில் தொடர்க. ஒப்பந்த ஆட்கள் தேவையில்லை." நான் மூன்று தரம் படித்தேன். பேயை ஏமாற்ற வைத்த பேர் அமைச்சகத்தையும் ஏமாற்றிவிட்டது. அத்தான், மேலே எழுதியது எதையும் செய்யாதீர்கள். அக்கா சொன்னதைக் கேட்டு மாடி ஏறிக்கொண்டிருந்தால் பாதிப் படியில் நின்று இறங்கிவிடுங்கள். அவை பெயர்கள் என்று தவறிக்கூட யாரிடமும் மூச்சு விடாதீர்கள், சொன்னால் அந்த மூன்று பேரும் போய்விடுவார்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். ஆட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், நெர்குய் அக்காவிடம் தேநீர் குடிக்க வருகிறவனை வெளியே அனுப்ப எந்த உத்தரவும் இல்லை. எனெபிஷின் கை வால்வில் இருக்கிறது, ஊர் சூடாக இருக்கிறது.

பேரனுக்குக் கம்பீரமான பெயர் வைக்கச் சொன்னேனே, அதுவும் வேண்டாம். மெதெஹ்குய் என்று வையுங்கள், 'தெரியாது'. நாளைக்கு அரசாங்க வேலைக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வான்.