பார்சிலோனாவில் அண்ணாந்து குடித்தது

நான் யார் வீட்டு டம்ளரிலும் வாய் வைத்துக் குடித்தவள் இல்லை. என் வீட்டு டம்ளரிலும் அப்படித்தான். தண்ணீரோ மோரோ காப்பியோ, தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து நேரே தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வேன். சூடான காப்பியையுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், அதையும்தான். (நாக்கு பழகிப்போச்சுங்க.) பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டு பெற்ற மகளின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தவள் நான் என்பதை ஒப்புக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தைக் கும்பிட வருகிறவர்களுக்காக எங்கள் அய்யா (அப்பாவை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். மேசைக்கு ஒரு பித்தளைச் சொம்பு. எந்த ஊர்ச் சனம் வந்தாலும் எல்லோரும் அதே சொம்பில்தான் குடிக்க வேண்டும். யாராவது வாய் வைத்துவிட்டால் அய்யா ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தச் சொம்பை எடுத்துப்போய், வாய் வைத்தவருடைய கண்ணெதிரிலேயே புளி போட்டுத் தேய்ப்பார். வந்தவருக்கு அதற்குப் பிறகு சோறு இறங்காது. அந்தக் கடையில் வளர்ந்த நான் பால்பாட்டிலில் எப்படிக் குடித்தேன் என்று என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை சந்தேகம்.

ஆறு வருடத்துக்கு முந்தைய கதை இது. ஜெர்மனியில் வேலை பார்த்த என் மகள் கயல்விழி, கூட வேலை பார்த்த விக்ரமைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். தங்கமான பையன். நாங்கள் சரி என்றுவிட்டோம். அவனுடைய அப்பாவும் சரி என்றுவிட்டார். மிச்சம் இருந்தது அவன் அம்மா சுமித்ரா மேடம் ஒருவர்தான். சென்னையில் பெரிய கம்பெனியில் அதிகாரி. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "பழகிப் பார்க்கிறேன்" என்றாராம். உடனே பிள்ளைகள் இரண்டும் கலந்து பேசி, பெரியவர்கள் நாலு பேரையும் ஒரு வாரம் மத்தியதரைக்கடல் சுற்றும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். தொண்டியில் படகு எஞ்சினுக்குப் பாகம் விற்கும் என் வீட்டுக்காரர், நீச்சல் குளமும் சினிமா கொட்டகையும் உள்ள அந்தக் கப்பலைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தனை குதிரைச் சக்தி இருக்கும்?" என்று கேட்டதோடு சரி, இரண்டு நாள் வாயே திறக்கவில்லை.

கப்பல் ஏறும்போது கயல் போனில் சொன்னாள்.

"அம்மா, நீ என்ன வேணும்னாலும் பண்ணு. அவங்க முன்னாடி அண்ணாந்து மட்டும் குடிக்காத."

"குடிச்சா என்னடி?"

"பட்டிக்காடுன்னு நினைச்சுருவாங்கம்மா. அவங்க சம்மதிக்காம விக்ரம் தாலி கட்ட மாட்டான். நானும் கட்டச் சொல்ல மாட்டேன்."

சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டேன்.

நாலு நாள் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். எப்படி என்றால், சுமித்ரா மேடம் முன்னால் நான் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. சாப்பிட்டதும் "இந்தா வாரேன்" என்று எங்கள் அறைக்கு ஓடுவேன். பதினொன்றாவது தளத்திலிருந்து ஐந்தாவது தளத்துக்கு. அங்கே ஒரு பாட்டிலை அண்ணாந்து காலி செய்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வருவேன். அவருக்கு என் சிறுநீரகத்தைப் பற்றிக் கவலையே வந்துவிட்டது. "டாக்டரைப் பார்த்தீங்களா, மேடம்?" என்று கேட்டார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். நாலு நாளாக இரண்டு மேடங்களும் வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஐந்தாம் நாள் கப்பல் பார்சிலோனாவில் நின்றது. சுமித்ரா மேடத்தின் கணவர் கடல் ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டார். மேடம் எங்கள் இருவரையும் ஒரு ஒயின் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் ஒரு மணி நேரம். என் வீட்டுக்காரருக்கு நான் இட்ட கட்டளை: மோந்து பார்க்கலாம், நாக்கில் படக் கூடாது.

சுற்றிக் காட்டியவள் மார்த்தா என்ற சின்னப் பெண். திராட்சைக் கொடி, மரப்பீப்பாய், பாதாள அறை என்று காட்டிக்கொண்டே வந்தாள். பாதாள அறையில் மூன்று நாள் புளித்த கஞ்சிப்பானையின் வாசம். "சர்க்கரை எப்படி ஒயினாக மாறுகிறது, யாருக்காவது தெரியுமா?" என்று அவள் கேட்டதும் என் கை தானாக மேலே போனது. உப்பூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு நொதித்தல் நடத்துகிறவள், சும்மா இருப்பேனா? ஈஸ்ட்டில் ஆரம்பித்துக் கார்பன் டை ஆக்சைடு வரை ஒப்பித்தேன். அடுத்த மூன்று கேள்விக்கும் நானே பதில். பிறகு மார்த்தா கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். சுமித்ரா மேடம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறியது.

ஏறிய கனம் ருசி பார்க்கும் கூடத்தில் இறங்கியது. நீளமான மேசை. வந்தவர்கள் ஒயினை வாயில் ஊற்றி, கொப்புளித்து, மேசைமேல் இருந்த ஒரு வெள்ளி வாளியில் துப்பினார்கள். ஊருக்கெல்லாம் ஒரே வாளி.

"இந்தா புள்ள, அங்கிட்டுப் பாக்காத" என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஏழாவது கிளாஸை மோந்துகொண்டிருந்தார். மோந்தே கண் சிவந்திருந்தது.

எனக்கு ஒயின் வேண்டாம் என்றதால் சிவப்புத் திராட்சைச் சாறு கொடுத்தார்கள். அந்தக் கிளாஸில் முந்தைய கூட்டம் குடித்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். அதைக் கழுவியதையும் பார்த்தேன். தண்ணீரில் ஒரு முக்கு, அவ்வளவுதான். புளி இல்லை, சாம்பல் இல்லை.

சுமித்ரா மேடம் கிளாஸை உயர்த்தி, "நம்ம ரெண்டு குடும்பத்துக்காக" என்றார். ஐந்து நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. குடிக்காமல் இருக்க முடியுமா? மகள் முகத்தை நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு வாய் வைத்தே தீருவது என்று முடிவு பண்ணிக் கண்ணை மூடிக்கொண்டேன். மனசு முடிவு பண்ணியது, கை பண்ணவில்லை. அது பாட்டுக்கு ஒரு சாண் மேலே போய்ச் சாய்த்துவிட்டது.

சொம்புக்கு விளிம்பு வெளியே மடிந்திருக்கும், தண்ணீர் கம்பி பிடித்தமாதிரி இறங்கும். அந்தக் கிளாஸுக்கோ வயிறு பெருத்து வாய் உள்ளே குறுகியிருந்தது. முதலில் ஒன்றும் வராது, பிறகு மொத்தமாக வரும். (அறிவியல் டீச்சருக்கு இது முன்னாலேயே தெரிஞ்சிருக்க வேணாமா?) மொத்தமாக வந்தது. நெற்றியில் விழுந்தது. பதறிக் கையை உதறினேன். மிச்சம் முழுவதும் சுமித்ரா மேடத்தின் சந்தனநிறப் பட்டுச்சேலையில் விழுந்தது.

"பரவாயில்லை" என்றார். மறுபடியும் "பரவாயில்லை" என்றார். இரண்டாவதில் ஐஸ் இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷி. என் கைக்குட்டையை எடுத்தேன். தண்ணீருக்கு அங்குமிங்கும் பார்த்தேன். பக்கத்தில் வாளி இருந்தது. நன்றாக முக்கி, பிழிந்து, அவர் முந்தானையை அழுத்தி அழுத்தித் துடைத்தேன். நாலு தடவை துடைத்த பிறகுதான் அது எந்த வாளி என்று உறைத்தது. சொம்பில் வாய் வைத்தவனை மனுஷனாகவே மதிக்காத குடும்பத்தில் பிறந்தவள், ஐரோப்பாக் கண்டத்தின் எச்சிலைத் தொட்டு வருங்காலச் சம்பந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சுமித்ரா மேடம் வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே போய்விட்டார்.

"முடிஞ்சு போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். "வா, பஸ்ல போய் உக்காருவோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கயலுக்கு என்ன சொல்வேன்? அழுதுகொண்டே முற்றத்துக்கு வந்தால், அங்கே ஒரே சிரிப்பும் கூச்சலும். தோட்டத்துக்காரி, நல்ல பருமனான அம்மாள், கண்ணாடியில் செய்த கெண்டி ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். நம் ஊர்க் கெண்டியேதான், மூக்கு மட்டும் கொஞ்சம் நீளம். பொர்ரோன் என்று பெயராம். பஸ்ஸில் வந்த ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக அதைத் தூக்கி வாயில் ஊற்றப் பார்த்து, சட்டையை நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் காதில் போனது.

மார்த்தா விளக்கிச் சொன்னாள். "இது எங்கள் பழைய வழக்கம். ஒரே பாத்திரத்தில் எல்லோரும் குடிப்பதால், யாரும் உதடு வைக்கக் கூடாது. தூக்கித்தான் ஊற்ற வேண்டும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் அய்யா கடைச் சட்டத்தை அந்நிய தேசத்தில் ஒருத்தி இங்கிலீஷில் சொல்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் சொருகினேன்.

"ஏ, எங்கன போற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கல்யாணந்தான் போச்சு, மானமாவது மிஞ்சட்டும்" என்றேன்.

திராட்சைச் சாறு ஊற்றித் தரச் சொன்னேன். வாங்கினேன். அண்ணாந்தேன். முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம், பிறகு கை எட்டும் மட்டும். சாறு நூல் பிடித்தமாதிரி இறங்கியது. தொண்டையை மூடாமல் விழுங்குவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. தோட்டத்துக்காரி அவள் பாஷையில் எண்ண ஆரம்பித்தாள். கூட்டமும் சேர்ந்து எண்ணியது. எண்ணிக்கை எங்கே போனதோ தெரியாது, கெண்டி காலியானதும் கீழே வைத்தேன். தாடையில் ஒரு சொட்டு இல்லை, ரவிக்கையில் ஒரு சொட்டு இல்லை. அந்த முற்றமே கைதட்டியது. தோட்டத்துக்காரி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து (ஈரமா வேற இருந்துச்சு, பொறுத்துக்கிட்டேன்), அந்தக் கெண்டியை எனக்கே பரிசாகத் தந்துவிட்டாள்.

திரும்பினால் பின்னால் சுமித்ரா மேடம். சேலை முழுவதும் கறை.

"அதக் குடுங்க" என்றார்.

வாங்கிச் சாறு ஊற்றச் சொன்னார். அண்ணாந்தார். தூக்கினார். நேராக மூக்கில் போனது.

"ஆத்தாடி, மூக்குல ஏறிருச்சு" என்று இருமினார்.

நான் திகைத்துப்போனேன். "நீங்க எந்த ஊரு?"

"பரமக்குடி." முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுலயும் வாய் வச்சுக் குடிச்சா அடிதான். கல்யாணமாகி மெட்ராஸ் வந்த புதுசுல ஒரு விருந்துல அண்ணாந்து குடிச்சேன். நாலு பேரு சிரிச்சாங்க. அன்னைக்கு விட்டது. முப்பது வருசம் ஆச்சு, வராம போயிருச்சு பாருங்க."

"சேலையை நான்..."

"சேலை கெடக்குது விடுங்க, சம்பந்தி. தொண்டையை மூடாம எப்படிக் குடிக்கிறீங்க? அதச் சொல்லிக் குடுங்க."

நான் தொண்டையைப் பற்றி விளக்க வாயைத் திறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் முழங்கையால் இடித்தார்.

"இந்தா புள்ள, சம்பந்தின்னாங்கல்ல?"

எனக்கு இரண்டாம் தடவையாக அழுகை வந்தது. அழுதுகொண்டே பாடம் நடத்தினேன். பஸ் ஹாரன் அடிக்கும்வரை நடத்தினேன். பஸ்ஸில் ஏறியதும் கயலுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு? என்ன பண்ணித் தொலைச்ச?"

"அண்ணாந்து குடிச்சுட்டேன்."

சம்பந்தி போனைப் பிடுங்கினார். "கயலு, உங்க அய்யாவ நல்ல நாள் பாக்கச் சொல்லு" என்றார்.

இராமநாதபுரத்தில் நிச்சயதார்த்தம். சம்பந்தி அதே சந்தனநிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, கறை வெளியே தெரிகிற மாதிரி முந்தானையை மடித்துப் போட்டு வந்தார். என் நாத்தனார் அவரிடம், "என்ன சம்பந்தியம்மா, இப்படிக் கறையா இருக்கு?" என்று கேட்டதற்கு, "ஊரு உலகத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் பொண்ணுக்குப் பரிசம் போடுவாங்க. இது பொண்ணு வீட்டுல எனக்குப் போட்ட பரிசம்" என்றார். கெண்டியை நான் அவருக்கே கொடுத்துவிட்டேன், இப்போது சென்னையில் அவர் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. கம்பெனிப் பெரிய மனுஷிகள் விருந்துக்கு வந்தால் அதில்தான் தண்ணீர். எந்த விசேஷத்திலும் நான் டம்ளரைக் கையில் எடுத்தால் போதும், விக்ரம் எழுந்து நின்று, "எல்லாரும் சேலையை ஒதுக்கிக்கங்க" என்று அறிவிப்பான். மண்டபமே சிரிக்கும்.

இத்தனை தடவை இந்தக் கதையைச் சொல்லியும் சம்பந்தி அந்த வாளி விஷயத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அவர் கணவருக்கே தெரியாது. என் வீட்டுக்காரரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். "அது நமக்குள்ள இருக்கட்டும், சம்பந்தி, உங்க மானம் என் மானம்" என்றார். ஆறு வருடமாக அவர் கட்டிக்காத்ததை இன்றைக்கு நானே எழுதிவிட்டேன். படித்தால் திட்டுவார். திட்டட்டும், சம்பந்திதானே.