படிக்காரம் போட்ட குடுமி

நெடுங்குடுமியார் என்று ஒரு பிராணி உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். முன்னால் பார்த்தால் மீசை. பின்னால் பார்த்தால் மணப்பெண். நாலு விரல் குடுமியை முடிந்துகொண்டு, அப்படி ஒன்று தலையில் இருப்பதையே மறந்துவிட்டு வேலைக்குப் போகிறாரே, அந்தச் சாதுவை நான் சொல்லவில்லை. அவருக்கு என் நமஸ்காரம். நான் சொல்லுகிறவருக்குக் குடுமி முழங்காலைத் தொடும். தொடவில்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்துத் தொட வைப்பார்.

இவரிடம் நீங்கள் என்ன பேசினாலும் அது தலைமுடியில் போய்த்தான் முடியும். மழை வந்தது என்றால், மழைத்தண்ணீரில் சிகைக்காய் நன்றாக நுரைக்கும் என்பார். தாது வருஷத்துப் பஞ்சம் என்றால், 'ஐயோ பாவம், ஒருவருக்கும் நல்லெண்ணெய் கிடைத்திராதே' என்று கண் கலங்குவார். உட்காரும்போது குடுமியை முன்னால் எடுத்து மடியில் போட்டுக்கொள்வார், தூங்குகிற குழந்தையைப் போட்டுக்கொள்வதுபோல. நீங்கள் அதைக் கவனிக்கவில்லையென்றால் ஒரு தரம் உதறுவார். அப்போதும் கவனிக்கவில்லையா? 'என்ன பண்றது சார், பெரிய தொந்தரவு, எடுத்துவிடலாமா என்றிருக்கிறது' என்பார். 'எடுத்துவிடுங்களேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன ஒருவரோடு இவர் பதினோரு வருஷமாகப் பேசுவதில்லை. அவர் இவருடைய சொந்தத் தாய்மாமன்.

கடல் தாண்டி இந்த ரங்கூனுக்கு வந்த பிறகும் இந்த இனத்தில் மூவரைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் அசல் சரக்கு ஆம்பூர்ப் பச்சையப்பன்தான். (ஆம்பூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அவரிடம் காட்டவேண்டாம். அடுத்த வருஷம் நான் ஊருக்கு வரவேண்டியிருக்கிறது.)

ஆம்பூரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, முடியைச் சுரண்டி எறிந்து, அதனால் ஊரே சோறு தின்கிறது. அந்த ஊரில், அதுவும் ஒரு தோல் ஷாப்பில், எடை குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு இவர் முடி வளர்த்தார். முதலாளி சாயபு ஆதலால் வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. சம்பளத்தைப் பிடித்தாலும் சரியென்று சனிக்கிழமையும் இவர் ஒரு லீவு போடுவார், எண்ணெய் ஸ்நானத்துக்கு. விடியற்காலையில் எண்ணெய் வைக்க உட்கார்ந்து, தாயார் பூவம்மாள் ஒரு பக்கமும் தாமே ஒரு பக்கமுமாகத் தேய்த்து, ஊறி, அலசி, சிக்கெடுத்து, உதிர்ந்ததை ஒவ்வொன்றாகச் சுவரில் ஒட்டிவைத்து அதற்காகத் துக்கப்பட்டு, பிறகு கவிழ்த்த கூடையின் மேல் குடுமியைப் பரப்பிச் சாம்பிராணிப் புகை காட்டி எழுந்திருப்பதற்குள், சூரியன் வாணியம்பாடிப் பக்கம் சாய்ந்துவிடும்.

"இன்னா பச்சையப்பா," என்பார் ஷாப்பு மேஸ்திரி ஷபீ அஹமது. "முடியை எடுக்கறதுக்கு எங்களுக்கு சம்பளம் தர்றாங்கோ. நீ காசு செலவு பண்ணி வளக்கறே. யாருக்குப் பைத்தியம்?"

"உங்களுக்குத்தான் பாய்."

இப்படிப்பட்டவருக்குப் பெண் கிடைக்குமா? முப்பது வயதாகியும் கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் பேச்சு நடந்து, மூன்று பெண்களும் 'எனக்கு இருக்கிறதைவிட அவருக்கு ஜாஸ்தி' என்று அழுதுவிட்டார்கள். நாலாவதாகத் திருப்பத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் அமிர்தவள்ளி. அவளை வளர்த்த அத்தை ஜெயம்மாள் சொல்லி அனுப்பிய செய்தி இது: 'கிராப்பு வெட்டினவன் சுருட்டுப் பிடிப்பான். எங்களுக்குக் குடுமி மாப்பிள்ளைதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறோம். குடுமியையும் பார்த்துவிடுகிறோம்.'

பூவம்மாள் கற்பூரம் ஏற்றினாள். ஏற்றிய வேளை என்ன வேளையோ, மறுநாளிலிருந்து மகனுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. கவலையால் கொட்டிற்று, கொட்டுகிறதே என்று கவலைப்பட்டார், இன்னும் கொட்டிற்று. வியாழக்கிழமை சுவரில் ஒட்ட இடமில்லை.

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரன் வைத்தியரிடம் போயிருப்பான். தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவன் எங்கே போவான்? ஷாப்பில் அப்போது ஒரு துரை சுட்ட சிறுத்தையின் தோலை, ஒரு முடிகூட உதிராமல், முடியோடு பதம்போட்டு வைத்திருந்தார்கள். பச்சையப்பன் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். சிறுத்தைதான் வந்தது, முடி வரவில்லை.

"பாய், இதுக்கு இன்னா போட்டீங்கோ?"

"படிக்காரம், உப்பு, கோதுமை மாவு. குழைச்சுத் தடவி வுட்டா முடி ஜென்மத்துக்கும் வராது. ஏன் கேக்கறே?"

"சும்மாத்தான்."

சும்மாக் கேட்டவர் சனிக்கிழமை எண்ணெயை ஒதுக்கிவிட்டு, ஒரு வீசைக் கலவையை உச்சியிலிருந்து நுனிவரை தடவிக்கொண்டு கூடைமேல் குடுமியைப் பரப்பிச் சாம்பிராணிக்கு நெருப்பையும் தாராளமாகப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் எழுந்தார். கூடையும் எழுந்தது.

கூடையை அறுத்து எடுத்தார்கள். குடுமி பலகையாகிவிட்டது. கரைத்துவிடலாம் என்று பூவம்மாள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள். மாவு வெந்து பசையாகி இன்னும் இறுகிற்று. படிக்காரமோ மண்டைத்தோலைச் சுருக்கி, புருவம் இரண்டையும் நெற்றிக்கு ஏற்றிவிட்டது. கண்ணை மூட முடியவில்லை. இரவு முழுவதும் மனிதர் எதையோ கண்டு அதிசயப்பட்டவர்போல விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயம்மாள் வந்தாள். பச்சையப்பன் பலகையை மேலே நிமிர்த்தி, அதன்மேல் இரண்டு வேட்டியைச் சுற்றிய கோபுரம்போன்ற தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார்.

"வண்டியில ஒரே கூட்டம், நின்னுகிட்டே வந்தேன்" என்றாள். பச்சையப்பன் புருவத்தைத் தூக்கியபடி ஆச்சரியப்பட்டார்.

"எங்க வீட்ல ரெண்டு எருமை." அதற்கும் ஆச்சரியப்பட்டார்.

"பூவம்மா, உம் மவன் நல்லாக் காது குடுத்துக் கேக்கறாரே! எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா நான் சொன்ன எதுக்கும் ஆச்சரியப்பட்டதே கெடையாது. சரி, தலைப்பாவைக் கழட்டுப்பா. குடுமியைப் பாக்கலாம்."

தலைப்பாகை கழன்றது. குடுமி பின்னால் விழவில்லை. படல்போல நேரே நின்றது. ஜெயம்மாள் எழுந்து வந்து விரலால் தட்டினாள். 'டக்' என்றது.

"இன்னாப்பா இது?"

பச்சையப்பன் அழுதுவிட்டார். "கொட்டிப் போச்சுன்னா நீங்க பொண்ணு தர மாட்டீங்கன்னு, தோலுக்குப் போடற பதத்தைப் போட்டுக்கினேங்க."

ஜெயம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "எங்க பொண்ணுக்கோசரம் தோலாவே ஆயிட்டியா! உனக்கே குடுக்கறேன். ஆனா இந்தப் பலகையோட மணையில உக்கார முடியாது. வெட்டிப் போடு."

இங்கேதான் இந்த இனத்தின் குணத்தைப் பார்க்கவேண்டும். கிடைக்காத பெண் கிடைத்துவிட்டாள். உடனே சரி என்றாரா?

"ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றேனே" என்றார்.

"எனக்கு ரெண்டு மணிக்கு வண்டி. அதுக்குள்ள யோசி."

அம்பட்டர் வந்தார்; கத்தி மழுங்கிற்று; போய்விட்டார். கடைசியில் ஷபீ அஹமதுதான் தோல் வெட்டுகிற கத்தரியோடு ஓடிவந்தார்.

"அரே, பேஜார் பண்ணாதே. கண்ணை மூடிக்கோ."

"மூட முடிஞ்சா மூட மாட்டேனா பாய்?"

"அப்போ அமிர்தவள்ளின்னு சொல்லிக்கினே இரு."

மூன்று தரம் சொன்னார். நாலாவது தரத்துக்குள் குடுமி தரையில் விழுந்தது. ஒரு மணி ஐம்பது நிமிஷம். ஜெயம்மாள் தாம்பூலம் மாற்றிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். கல்யாணமாகி வந்த அமிர்தவள்ளி, பரண்மேல் துணி சுற்றிக் கிடந்த அந்தப் பலகையைக் கண்டெடுத்தாள். பத்து நாள் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தாள். சவுரியாகப் பின்னித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். இப்போது அவள் கடைத்தெருவுக்குப் போனால் பச்சையப்பன் கிராப்புத் தலையோடு பத்தடி பின்னாலேயே போகிறார். "மெதுவா நடம்மா, வெயில்ல நிக்காதே, மல்லிப்பூ வைக்க ஊசி குத்தாதே" என்று வழியெல்லாம் உருகுகிறார். ஊர்ப் பெண்களெல்லாம், 'புருஷன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்' என்று தங்கள் வீட்டில் சண்டை பிடிக்கிறார்கள். அந்த அன்பு எதன்மேல் என்பது அமிர்தவள்ளிக்குத் தெரியும். அவளுக்கும் கோபம் வருவதுண்டு. வந்தால் சவுரியைக் கழற்றி, வாசற்படியில், ஆடு வருகிற வழியில் வைத்துவிடுகிறாள். அரை நிமிஷத்தில் பச்சையப்பன் வழிக்கு வந்துவிடுகிறார்.

சிரிக்கிறீர்களா? 'எனக்குக் குடுமியே இல்லை, கிராப்புத்தான்' என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் இடது கை எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். வகிடு சரியாகத்தான் இருக்கிறது ஐயா; கையை எடுங்கள்.