புளியமரத்தாரின் கடைசிக் கல்

லாரி ரிப்பேராகி நடுவழியில் நின்றால் சந்தோஷப்படுகிற டிரைவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸில் இருக்கிறார். டயர் வெடித்தால் மற்ற டிரைவர்கள் தலையில் கை வைப்பார்கள். இவர் பாயை எங்கே வைத்தோம் என்று தேடுவார்.

அவருடைய சொந்தப் பெயரை எங்கள் ஆபீஸே மறந்து பல காலம் ஆகிறது. எல்லோருக்கும் அவர் புளியமரத்தார். எப்போது போன் போட்டு, "எங்கீங்ணா இருக்கீங்க?" என்று கேட்டாலும், "புளியமரத்துக்கடியிலீங்க கண்ணு" என்றுதான் பதில் வரும். எந்த ஊர்ப் புளியமரம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். பிறகு, "நல்ல நெழலுங்க" என்பார். அதற்கு மேல் விலாசம் கிடைக்காது.

நான் சூலூரில் அந்த லாரி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன். திரையில் எங்கள் லாரிகள் எல்லாம் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. கொஞ்ச நேரத்துக்கு மேல் நின்றால் கம்ப்யூட்டர் கீக் கீக் என்று கத்தும். புளியமரத்தார் லோடு ஏற்றிப் போகிற நாட்களில் அது கத்திக்கொண்டே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே கூடு கட்டியிருந்த மைனா ஒன்று அந்தச் சத்தத்தைக் கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவே கத்த ஆரம்பித்தது.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியைப் பார்த்துக்கொள்வதில் அவரைப் போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை. லாரியை அவர் அம்மணி என்றுதான் கூப்பிடுவார். காலையில் வந்ததும், "ஏனுங்க அம்மணி, நல்லாத் தூங்குனீங்களா?" என்று பானெட்டைத் தட்டிக் கேட்பார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். பின்னால் ஜோடி டயருக்கு நடுவில் கல் ஏதாவது சிக்கியிருந்தால் கடப்பாரையால் நெம்பி எடுத்துவிடுவார். ஓடும்போது அது தெறித்துப் பின்னால் வருகிறவன் மண்டையைப் பிளந்துவிடும் என்பது அவர் கவலை. டீக்கு நிறுத்துகிற இடத்தில் டீயைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு அதிகமாக இருந்தால், "அம்மணிக்குக் காய்ச்சலுங்க" என்று சொல்லிப் பாயை விரித்துவிடுவார்.

ஒருமுறை பல்லடம் பக்கத்தில் ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. இவர் நேராகப் பக்கத்துத் தறிக்குடோனுக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்தச் சொல்லி, மோட்டார் பெல்ட்டைக் கேட்டிருக்கிறார். அவர் கேட்கிற தினுசில் யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. தறிக்காரரும் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் பெல்ட்டைப் பிரிய மனசில்லாமல் கூடவே லாரியில் ஏறிக்கொண்டார். அளவு கொஞ்சம் தொளதொளவென்று இருந்ததால் வண்டி பூனை நடை நடந்து வந்து சேர்ந்தது. வழியெல்லாம் இருவரும் மேகம் பார்த்துப் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தறிக்காரர் இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் ஆபீஸுக்குப் போன் செய்து, "அம்மணி சௌக்கியமுங்களா?" என்று விசாரிக்கிறார்.

ரிப்பேர் என்றால் புளியமரத்தார் ஒரு நடைமுறை வைத்திருந்தார். முதலில் வண்டியை எப்படியாவது உருட்டி ஓரம் கட்டி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பார். அடுத்து, ரோட்டோரம் கிடக்கிற பெரிய கற்களைத் தூக்கி வந்து வண்டிக்குப் பின்னால் வெகுதூரம் வரைக்கும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஆவாரங்கொத்து செருகுவார். கம்பெனியில் கொடுத்த சிவப்பு முக்கோணம் சீட்டுக்கடியில் புத்தம் புதிதாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஏன் அதை வைக்கவில்லை என்று கேட்டேன்.

"அத வெச்சா எவனாச்சும் எடுத்துட்டுப் போயிருவானுங்க. கல்ல எவனுங்க திருடுவான்?" என்றார்.

இதெல்லாம் எல்லா டிரைவர்களும் செய்வதுதான். வண்டி கிளம்பியதும் கல்லை அப்படியே ரோட்டில் விட்டுவிட்டுப் போவதும் எல்லா டிரைவர்களும் செய்வதுதான். புளியமரத்தார் மட்டும் திரும்ப நடந்துபோய் ஒவ்வொரு கல்லாக எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டு வருவார். வைக்கும்போதும் எண்ணுவார், எடுக்கும்போதும் எண்ணுவார். கணக்குச் சரியாக வந்தால்தான் சாவியைத் திருப்புவார்.

எங்கள் முதலாளிக்கு இந்தக் கவிதையெல்லாம் பிடிபடவில்லை. அவர் மொபைலிலும் புள்ளிகள் தெரியும். சாப்பிடும்போதும் பார்ப்பார், கோயிலில் சாமி கும்பிடும்போதும் பார்ப்பார். ஒருநாள் புளியமரத்தாரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். எங்கள் ஊரில் கோபம் வந்தாலும் மரியாதை குறையாது.

"ஏனுங்க, நீங்க மனுசனாங்க? உங்குளுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதுங்களா? இனி ஒருக்கா காரணமில்லாம புள்ளி நின்னுச்சுன்னா, சாவிய வாங்கிப்போட்டு உங்குள குடோன்ல உக்கார வெச்சுருவேனுங்க. வேணும்னா அங்க பாய விரிச்சுக்குங்க."

புளியமரத்தார் வெளியே வந்து அம்மணியின் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். குடோனில் மரமும் கிடையாது, வானமும் கிடையாது. அந்த மனுஷனை அங்கே உட்கார வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த லோடு முதலாளி வீட்டு லோடாகவே அமைந்தது. அந்தியூரில் அவருடைய மச்சினர் மகளுக்குக் கல்யாணம். அண்டா, குண்டான், அடுப்பு, வாழைக்கட்டு எல்லாம் எங்கள் லாரியில் ஏறின. பொழுது சாயும்போது பந்தி என்பதால் மத்தியானத்துக்குள் சமையல்காரர் கைக்குப் பாத்திரம் போயாக வேண்டும். புள்ளி எங்கே நிற்கிறது, எதற்கு நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டார். முதலாளி பின்னால் காரில் வருவதாக ஏற்பாடு.

அவிநாசி தாண்டியதும் காற்று மாறியது. பாலக்காட்டுப் பக்கமிருந்து புறப்பட்ட மேகங்கள் எங்களுக்கு மேலே கிழக்கே போய்க்கொண்டிருந்தன. வண்டியின் நிழலும் மேகத்தின் நிழலும் சோளக்காட்டில் சேர்ந்தே ஓடின. பின்னால் அண்டாக்கள் மெல்ல ஒன்றோடொன்று இடித்து, எங்கோ ஒரு கோயிலில் மணி அடிப்பது மாதிரிக் கேட்டுக்கொண்டே வந்தது. எனக்குக் கண் சொக்கியது. நாங்கள் போகிறோமா, ரோடுதான் எங்களைத் தாண்டிப் போகிறதா என்று தெரியாத ஒரு மயக்கம்.

நம்பியூர் தாண்டியதும் டமார் என்று சத்தம். பின் டயர் போயிற்று.

பஞ்சர் என்றால் காரணமுள்ள நிற்றல்தான், குடோன் பயம் இல்லை. முட்டுக்கட்டை, கல், ஆவாரங்கொத்து எல்லாம் முறைப்படி நடந்தது. ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கினார். அன்றைக்குப் பாயை விரிக்கக்கூட இல்லை. ஆனாலும் நடுவில் ஒருதரம் ஸ்பேனரைப் பிடித்தபடியே வானத்தைப் பார்த்து, "அந்த வெள்ளை மேகம் நம்மளப் பாத்து நிக்குதுங்க கண்ணு" என்றார். பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தது.

பிறகு கல் பொறுக்கப் போனார். ஒவ்வொன்றாக ஓரம் தள்ளிக்கொண்டு கடைசிக் கல்லை நோக்கி அவர் போய்க்கொண்டிருந்தபோது கேபினில் அவருடைய போன் அலறியது. எடுத்தேன்.

"அந்தாளுகிட்டக் குடுங்க. இப்பவே!" என்றார் முதலாளி.

நான் கத்திக் கூப்பிட்டேன். புளியமரத்தார் ஓடி வந்து போனை வாங்கினார். அந்தப் பக்கமிருந்து மரியாதையோடு வசவு கொட்டியது. "கெளம்பிட்டேனுங்க, கெளம்பிட்டேனுங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்துவிட்டார்.

கோபி வாய்க்கால் கரையில் நட்டுகளை இன்னொரு தரம் முடுக்க நிறுத்தினார். டயர் மாற்றினால் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடி முடுக்க வேண்டும். முடுக்கிவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். விரல்கள் தானாக மடங்கி மடங்கி விரிந்தன.

"ஒரு கல்லு கொறையுதுங்க."

"போனாப் போகுதுங்ணா. பந்திக்கு நேரமாச்சு."

"மொபெட்ல யாராச்சும் வருவாங்க. முன்னால கொழந்தைய நிக்க வெச்சுட்டு வருவாங்க." கதவைத் திறந்து ஏறினார். "வண்டியத் திருப்பறேனுங்க கண்ணு."

"குடோனுங்ணா!"

"தெரியுதுங்க."

கல்யாண அண்டாக்களோடு அம்மணி வந்த வழியே திரும்பியது. நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, அது அடிக்கப் போகிற நிமிஷத்துக்காகக் காத்திருந்தேன். அடித்தது. ஆனால் முதலாளியின் குரலில் வசவைக் காணோம்.

"எவனோ புண்ணியவான் ரோட்டுல கல்லப் போட்டுட்டுப் போயிட்டானுங்க. காருக்கடியில இடிச்சு ஆயிலெல்லாம் ஒழுகிப்போச்சு. நம்பியூர் தாண்டி நிக்கறேன். புள்ளி திரும்பி வாரதப் பாத்தேனுங்க. நாஞ் சொல்லாமயே தெரிஞ்சு வாராரு பாருங்க, அவுரு மனுசனுங்க!"

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். கெஞ்சினேன். "அண்ணா, உங்க காலப் புடிக்கறேனுங்க. கல்லப் பத்தி வாயே தொறக்காதீங்க. உங்குளுக்காகத்தான் வந்தோம்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"செரீங்க கண்ணு" என்றார். எனக்கு உயிர் வந்தது.

முதலாளி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, ரோட்டோரம் இரண்டு கைகளையும் விரித்து எங்களை வரவேற்றார். புளியமரத்தார் இறங்கினார். முதலாளியைத் தாண்டி நேராகக் கல்லிடம் போனார். அதைத் தூக்கி ஓரத்தில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நான் உங்குளுக்காக வரலீங்க. கல்லுக்காக வந்தேனுங்க. அது நான் வெச்ச கல்லுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு வசவும் வராததால் திரும்பத் திறந்தேன். முதலாளி கல்லைப் பார்த்தார், காரைப் பார்த்தார். நீங்கள் கல் எடுக்காமல் போக மாட்டீர்களே என்று கேட்டார். புளியமரத்தார் தலையைக் குனிந்துகொண்டார். நான் பயந்துகொண்டே, "கடைசிக் கல்லெடுக்கப் போறப்ப உங்க போன் வந்துச்சுங்க" என்றேன்.

காற்றில் புளிய இலைகள் உதிர்ந்து முதலாளி தலையில் விழுந்தன. பிறகு, "காரத் தள்ளி நெழல்ல விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

கேபினில் எங்கள் இருவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். வாய்க்கால் வந்தது, நெல்வயல் வந்தது, பின்னால் அண்டாக்கள் மணி அடித்தன. மொபைலை எடுத்தார், புள்ளியைப் பார்த்தார். அந்தப் புள்ளிக்குள் தானே உட்கார்ந்திருப்பது அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார். ஆத்தாணி தாண்டியதும் திடீரென்று, "நிறுத்துங்க" என்றார்.

ரோட்டில் யாரோ விட்டுப் போன கற்கள் காய்ந்த தழையோடு கிடந்தன. பந்திக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முதலாளி இறங்கி, வேட்டியில் மண் படப் படக் குனிந்து, ஒவ்வொன்றாக உருட்டி ஓரத்தில் தள்ளினார். புளியமரத்தாரும் கூடவே போய்த் தள்ளினார். திரும்ப ஏறியதும் முதலாளி, "போலாமுங்க" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது.

பந்தி தாமதமாகத்தான் ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். ஆனால் பசி ஏறிப் போயிருந்ததால் ஆளுக்கு இரண்டு பங்கு சாப்பிட்டுவிட்டு, சமையல் பிரமாதம் என்று சொல்லிப் போனார்கள். எல்லாப் பாத்திரங்களையும் இறக்கி முடித்ததும் புளியமரத்தார் முதலாளி முன்னால் வந்து சாவியை நீட்டினார்.

"என்னங்க இது?"

"சாவிங்க. புள்ளி நின்னுச்சுங்களே."

முதலாளி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு புளியமரத்தார் சட்டைப்பையிலேயே போட்டார். "இத வாங்கிப்போட்டு, அம்மணிய ஊருக்கு யாருங்க ஓட்டிட்டுப் போறது? நானாங்க? போயிச் சாப்பிடுங்க."

அதன்பிறகு குடோன் பேச்சே வரவில்லை. புதிதாக வந்த மேனேஜர் மட்டும் போன வாரம் என் பக்கத்தில் நின்று திரையை உற்றுப் பார்த்தார். "இந்த ஒரு வண்டி சிவப்பாவே நிக்குது, ஏன் கீக் கீக்னு கத்த மாட்டேங்குது?" என்று கேட்டார். மெஷினில் ஏதோ கோளாறு சார் என்று சொல்லிவிட்டேன். கோளாறு ஒன்றுமில்லை. அந்தியூரிலிருந்து திரும்பிய மறுநாளே அந்த வண்டிக்கு மட்டும் சத்தத்தை அணைத்து வைத்துவிட்டேன். மைனாதான் கொஞ்ச நாள் ஏங்கிப் போயிற்று.

இதை எழுதும்போதும் திரையில் அந்தப் புள்ளி பெருந்துறைக்கு இந்தப் பக்கம் சிவப்பாக நின்றுகொண்டிருக்கிறது. நல்ல நிழலாக இருக்க வேண்டும். மனுஷன் எழுந்திருக்கிறபோது எழுந்திருக்கட்டும், நான் போன் போட்டு எழுப்பப் போவதில்லை.