ஏணி ஏறாத முழங்கால்

இந்தச் சாரலோடு மாமியாரிடமிருந்து தப்பிவிடுவது என்று நாறும்பூநாத பிள்ளை தீர்மானித்தார். குற்றாலத்தில் வீடு வைத்திருப்பது முன்ஜென்மப் பாவம். ஆனி பிறந்தால் ஊர் உலகமெல்லாம் அருவிக்கு வரும். மனைவி குழல்வாய்மொழியின் பிறந்த வீடு வீரகேரளம்புதூரிலிருந்து அவர் வீட்டுக்கு வரும். மைத்துனர்கள் நாலு பேரும் குளித்துவிட்டுப் போய்விடுவார்கள். மாமியார் ஐப்பசி வரை அசையமாட்டார். "ரங்கூனுக்குப் போயும் மருமகன் உருப்படலியே" என்று விடிந்ததும் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிறவரை அதே பாட்டு. ஒற்றை அறை வீட்டில் மனுஷன் எங்கே ஓடுவான்?

ரங்கூன் மரக்கடையில் வேலை பார்த்தபோது ஒரு துரை மரவீடு கட்டியதை அவர் கவனித்திருந்தார். முதலில் கல்லின்மேல் பலகைத் தளம். அந்தத் தளத்திலேயே சுவர்ச் சட்டத்தைப் படுக்கவைத்து அடித்து, நாலு பேராக நிமிர்த்த வேண்டும். அதன் தலைமேல் அடுத்த தளம், அங்கேயும் அப்படியே. தோட்டத்தில் அதே மாதிரி ஒன்று கட்டிவிடுவது. கீழ்த்தட்டு மாமியாருக்கு, மேல்தட்டு தனக்கு, நடுவில் செங்குத்தாக ஓர் ஏணி. மாமியாருக்கு முழங்கால் வாதம். அந்த முழங்காலை நம்பித்தான் பிள்ளை செங்கோட்டையிலிருந்து வண்டி வண்டியாக மரம் இறக்கினார்.

"மேல எதுக்குங்க இன்னொரு தட்டு?" என்று கேட்டாள் குழல்வாய்மொழி.

"புளி, கருப்பட்டி நனையாம வைக்கத்தான்."

"நல்ல யோசனைதான். சட்டத்த நிமிர்த்த ஆள் வேணும்லா? அண்ணம்மாருக்குச் சொல்லி விடுதேன்."

இவ்வளவு லேசில் அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. பிள்ளை அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மைத்துனர்கள் வந்தார்கள், மாமியாரோடு. ஆசாரி புளியமரக் கிளையில் கப்பி மாட்டி, வடத்தில் உத்தரங்களை ஏற்றினார். மேல்தட்டுச் சுவரும் நின்று, ஓட்டுக் கூரையும் வேய்ந்தாயிற்று. ஓட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு, தென்காசியிலிருந்து பிள்ளை சந்தோஷமாகத் திரும்பினார்.

"ரங்கூனுக்குப் போயும் மருமகன் உருப்படலியே" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

பிள்ளை மனைவியிடம் ஓடினார். "ஏட்டி, உங்கம்மைக்கு ஏணி ஏற முடியாதே?"

"எதுக்கு ஏறணும்? நார்க்கட்டில்ல உக்காரவச்சு, உத்தரம் ஏத்துன வடத்துலயே அண்ணம்மாரு இழுத்துட்டாவ. கீழ ஈரம், அவளுக்கு ஆகாது."

இனி வாழ்ந்து என்ன பயன் என்று இருந்தது பிள்ளைக்கு. இருந்தாலும் கேட்டார். "சாரல் முடிஞ்சதும் எப்படி இறங்குவாவ?"

"கப்பியத்தான் ஆசாரி கழத்திட்டுப் போயிட்டாரே. அந்தக் காலோட எப்படி இறங்குவா? இனிமே அங்கனதான்."

"சோறு தண்ணி?"

"அதுக்குத்தான ஏணி போட்டிருக்கீய" என்றாள் குழல்வாய்மொழி, தூக்குச்சட்டியை அவர் கையில் கொடுத்து.